பிரான்ஸ் எழுத மறுத்த பெயர்

நம் நாளிதழ்கள் ஹைட்டி என்று எழுதும் நாட்டை அங்குள்ளவர்கள் அயிட்டி என்கிறார்கள். அவர்களுடைய கிரெயோல் மொழியில் அந்தப் பெயரின் தொடக்கத்தில் 'ஹ' ஒலி கிடையாது. பழைய உச்சரிப்புக்கு நெருக்கமானதும் இதுதான். அத்தீவில் வாழ்ந்த தாயினோ மக்கள் வைத்த பெயர் அது. மலை உயர்ந்த நிலம் என்று பொருள் சொல்வார்கள்.

1492 டிசம்பரில் கொலம்பஸ் வந்து இறங்கி, தீவுக்கு லா எஸ்பன்யோலா என்று பெயரிட்டார். தங்கச் சுரங்க வேலையும் பட்டினியும் ஐரோப்பிய நோய்களும் சேர்ந்து அரை நூற்றாண்டுக்குள் தாயினோ மக்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டன. சொந்தக்காரர்கள் போனபின் அவர்கள் வைத்த பெயர் ஸ்பானியரின் வரலாற்றேடுகளில் தங்கியது.

தீவின் தெற்குக் கரையில் ஸ்பானியர் கட்டிய நகரம் சாந்தோ தொமிங்கோ. மேற்குக் கரையை அவர்கள் கைவிட்டபோது பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் நுழைந்து, காட்டு மாடுகளைக் கொன்று, இறைச்சியை மரப்பரணில் பரப்பிப் புகையூட்டினார்கள். பழங்குடியினரிடம் கற்ற அந்தப் பரணுக்கு 'பூக்கான்' என்று பெயர். வேட்டைக்காரர் 'பூக்கானியே' ஆனார். பிறகு அதுவே கடற்கொள்ளையரைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1697இல் ரிஸ்விக் உடன்படிக்கை தீவின் மேற்குப் பகுதியைப் பிரான்ஸ் வசமாக்கியது. புதுப்பெயர் தேடாமல் ஸ்பானிய நகரத்தின் பெயரையே பிரெஞ்சாக்கி, சேன் தொமேங் என்றார்கள்.

அடுத்த நூறாண்டில் உலகிலேயே அதிக வருவாய் தந்த குடியேற்றம் அதுதான். 1789 வாக்கில் ஐரோப்பாவுக்குப் போன சர்க்கரையில் ஏறத்தாழ 40 சதவீதமும் காபியில் பாதிக்கு மேலும் அங்கிருந்தே போயின. விளைவித்தவர்கள் சுமார் 5 லட்சம் அடிமைகள். வெட்டிய கரும்பு புளிப்பதற்குள் சாறு பிழிய வேண்டும் என்பதால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் விரல் சிக்கினால் கை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும். கையை வெட்டி உயிரைக் காக்க, கரீபிய ஆலைகளில் பக்கத்திலேயே கோடாரி வைத்திருந்தார்கள். இப்படி ஆட்கள் செத்துக்கொண்டே இருந்ததால் கப்பல்களும் ஆப்பிரிக்காவிலிருந்து புது ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தன. அந்தக் குடியேற்றத்தை 'அண்டிலிஸின் முத்து', அதாவது கரீபியத் தீவுகளின் முத்து என்று புகழ்ந்து எழுதியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழ, வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. 1794இல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்தது. படைத் தலைவர் தூசேன் லுவெர்த்யூர் நாட்டை நிலைப்படுத்தியபோது, நெப்போலியன் அனுப்பிய பெரும்படை 1802இல் வந்து இறங்கியது. தூசேனைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோனார்கள். 1803 ஏப்ரலில் பிரான்சின் குளிர் மலைக்கோட்டை ஒன்றில் இறந்தார். மஞ்சள் காய்ச்சலும் போரும் அந்தப் படையைத் தின்றுவிட, நவம்பர் 18 அன்று வெர்த்தியேரில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர்.

1804 ஜனவரி 1, கொனாயீவ் நகரம். வெற்றித் தளபதி தெசலீன் விடுதலையை அறிவித்தார். நாட்டின் பெயர் ஹைட்டி. வென்றவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். கொங்கோ, தகோமே என்று தாய்மண்ணின் பெயர் எதையும் வைத்திருக்கலாம். அந்தத் தளபதியின் பெயரையும் வைத்திருக்கலாம். அவர்களோ, இரத்த உறவில்லாத, தங்களுக்கு முன்பே அதே மண்ணில் வதைபட்டு மறைந்த மக்களின் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாடுகளுக்குப் பெயர் வைத்த வரலாற்றில் இதற்கு இணையான பெருந்தன்மை எனக்குத் தெரிந்து இல்லை.

பிரான்ஸ் அந்தப் பெயரை வாயால் சொல்லவில்லை. 1825இல் மன்னர் பத்தாம் சார்ல் போர்க்கப்பல்களோடு ஓர் ஆணையை அனுப்பினார்: முன்னாள் தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் ஈடு கட்டினால் சுதந்திரம். அதில் ஹைட்டி என்ற சொல்லே இல்லை. 'சேன் தொமேங்கின் பிரெஞ்சுப் பகுதியில் தற்போது குடியிருப்போர்' என்றுதான் இருந்தது. பீரங்கிகள் எதிரே நிற்க, அதிபர் புவாயே ஒப்புக்கொண்டார். ஹைட்டிக் குடியரசு என்று பெயர் சொல்லி பிரான்ஸ் அங்கீகரித்தது 1838 பிப்ரவரியில்தான். அன்றே கையெழுத்தான இன்னோர் உடன்படிக்கை, ஹைட்டி இன்னும் 6 கோடி பிராங்க் தர வேண்டும் என்றது. அதற்காக வாங்கிய கடன்கள் அடைய 1947 ஆயிற்று.