காமாக் கதிரும் சோயா அவரையும்

விடியற்காலையில் மருதனார்மடச் சந்தைக்கு வந்து சேரும் கத்தரியும் வெங்காயமும் மிளகாயும் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்தவை. அருகிலுள்ள கடைகளில் தொங்கும் 'சோயா மீற்' பொதிகள் அப்படிப்பட்டவை அல்ல. இறைச்சி வாங்க வகையற்ற வீட்டில் அதுவே இன்று இறைச்சி. 1973இல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமெனத் தொடங்கப்பட்ட திரிபோஷா மாவுக்குப் புரதம் தருவதும் சோயாதான். ஆயினும் நாட்டின் சோயாத் தேவையிற் பெரும்பகுதி கப்பலில் வருகின்றது. உள்நாட்டில் விளையும் சிறுபகுதியும் பெரும்பாலும் அனுராதபுர மாவட்டத்தது.

ஏழை மக்களின் புரதமாகிய இப்பயிரின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் அணுவோடு பிணைந்தது. அணு என்றதும் ஹிரோஷிமாவை நினைப்பவர்கள் நாம்; அது நியாயமே. ஆனால் கதிர்வீச்சு உயிரின் பரம்பரை இயல்பைப் புரட்டிவிடும் என்ற உண்மை ஹிரோஷிமாவுக்கு முன்பே கண்டறியப்பட்டது. 1925இல் லெனின்கிராட்டில் நாட்சன், பிலிப்போவ் என்ற இருவர் எக்ஸ் கதிர்களால் பூஞ்சணங்களில் விகாரங்களைத் தோற்றுவித்தனர். 1927இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹேர்மன் முல்லர் எக்ஸ் கதிர்களைப் பழ ஈக்கள்மீது பாய்ச்சி, விகாரங்கள் பன்மடங்கு பெருகுவதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். மறு ஆண்டில் ஸ்ராட்லர் அதனைப் பார்லியிற் காட்டினார். வேடிக்கை என்னவெனில், இதனால் விவசாயிக்குப் பெரும் பிரயோசனம் விளையும் என்று ஸ்ராட்லரே நம்பவில்லை!

முல்லரின் கதையை இடதுசாரிகளாகிய நாம் மறைக்காமற் சொல்லவேண்டும். சோஷலிசத்தில் நம்பிக்கை வைத்து, வவிலோவின் அழைப்பை ஏற்று, 1933இல் சோவியத் நாட்டுக்குச் சென்றவர் அவர். பரம்பரையலகு என்பதே முதலாளித்துவக் கற்பனை என்று முழங்கிய லைசென்கோவின் கை அங்கு ஓங்கியபோது, அவரை நேருக்கு நேர் மறுத்துப் பேசிவிட்டு 1937இல் வெளியேறினார். உலகின் பயிர் விதைகளையெல்லாம் தேடித் திரட்டிய வவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சராத்தோவ் சிறையில் மாண்டார். இத்துறையின் முதல் விதைகளில் ஒன்று முளைத்த அதே மண்ணில் 1948இல் பரம்பரையியலே தடைசெய்யப்பட்டது. அந்த இழப்பைச் சுமந்தவர்கள் பொதுமக்களே.

1953 டிசம்பரில் ஐசன்ஹோவர் ஐக்கிய நாடுகள் சபையில் 'சமாதானத்துக்கான அணு' பற்றிப் பேசினார். குண்டுகளைக் குவித்துக்கொண்டே பேசிய பேச்சு அது. எனினும் அதன் பின்னர் கோபாற்று-60 என்னும் கதிரியக்கப் பொருள் பல நாட்டு ஆய்வுகூடங்களுக்கும் கிட்டிற்று. ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுகளிற் பாதியாகக் குறையும் இப்பொருள் வெளிவிடும் காமாக் கதிர் ஈயத்தையும் ஊடுருவக்கூடியது.

சோயா விதைமீது இக்கதிர் படும்போது நிகழ்வது என்ன? மனித உடல் முழுவதும் 5 கிரே அளவு பட்டாற் சிகிச்சையின்றிப் பாதிப்பேர் மாண்டுபோவர். உலர்ந்த சோயா விதையோ 200 கிரே அளவையும் தாங்கி முளைக்கும். முளைத்தாலும் முதற் தலைமுறை நோயாளிதான்: முளை தாமதிக்கும், தண்டு குறுகும், இலையிற் புள்ளி விழும், பல காய்கள் பொக்காகும். அளவு கூடக்கூட வளர்ச்சி குன்றும். விதை கதிரியக்கம் பெற்றுவிடுவதில்லை. உள்ளே நிறமூர்த்தங்கள் மட்டும் உடைகின்றன, பரம்பரையலகுகள் சிதைகின்றன. சோயா தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். எனவே ஒளிந்திருந்த மாற்றம் இரண்டாம் தலைமுறையில் தானே தலைகாட்டும். அங்கே வெளுத்த நாற்றுக்கள் சில நாட்களில் வாடி விழும். மாற்றங்களிற் பெரும்பாலானவை கேடே விளைப்பவை. ஆயிரக்கணக்கான செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றிரண்டைப் பொறுக்கி, மேலும் பல தலைமுறை வளர்த்துச் சோதித்த பின்பே ஓர் இனம் பிறக்கும்.

கதிர் குருடு, எதை உடைப்பது என்று அது அறியாது. பொறுக்குவது மனிதன். ஆகவே எதற்காகப் பொறுக்குகிறான், யாருக்காகப் பொறுக்குகிறான் என்பதே இவ்வரலாற்றின் மையம்.

யப்பானில் 'நெமாஷிராசு' என்ற சோயா இனம் இருந்தது. வேரைத் தாக்கும் நூற்புழுவை எதிர்த்து நிற்கும். ஆனால் பிந்தி முதிரும். காமாக் கதிருக்கு உட்படுத்திப் பொறுக்கிய விஞ்ஞானிகள், 1966இல் முந்தி முதிரும் 'ரைடன்', 'ரைகோ' என்ற இரு இனங்களை வெளியிட்டனர். டில்லியில், கும்பகோணத்திற் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் மெக்சிக்கோவின் செந்நிறக் கோதுமையைக் கதிருக்கு உட்படுத்தி, சப்பாத்தி உண்போர் விரும்பும் பொன்னிற மணியாக்கி 1967இல் 'சர்பதி சொனோரா' என வழங்கினார். அதன் புரதச் சிறப்பைப் பற்றிய உரிமைகோரல்கள் பின்னர் கடும் சர்ச்சைக்குள்ளாயின என்பதையும் குறிப்பிடவேண்டும். நம் நாட்டிலும் எச்-4 நெல்லிலிருந்து காமாக் கதிரால் பெறப்பட்ட எம்.ஐ-273 என்ற இனம் 1971இல் வெளிவந்தது. அரசாங்கத்தின் ஆய்வு நிலையத்திற் பிறந்து பொதுச் சொத்தாக மக்களிடம் சென்ற நெல் அது.

சோயாவின் இன்றைய நிலை வேறு. 1996இல் அமெரிக்காவில் மொன்சாண்டோ கம்பெனி, களைநாசினியைத் தாங்கும் சோயாவை மரபணு மாற்றத்தால் ஆக்கிக் காப்புரிமையோடு விற்றது. இந்தியானா மாநில விவசாயி பௌமன் அவ்வியல்புடைய விதையைக் கம்பெனியின் அனுமதியின்றித் தன் வயலிற் பெருக்கியது காப்புரிமை மீறலென 2013இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தன் விளைச்சலில் ஒரு மூடையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பது விவசாயியின் ஆதி உரிமை. அது குற்றமாகிவிட்டது!

விதை மட்டும் போதாது என்பதை யாழ்ப்பாணத்து விவசாயிக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது மிளகாயும் வெங்காயமும் பல குடும்பங்களைக் கல்வீடு கட்டவைத்தன. 1977இற் சந்தை திறந்துவிடப்பட்டது, விலை விழுந்தது. மண்ணும் விதையும் உழைப்பும் மாறவில்லை.

குடாநாட்டின் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரையே நம்பியவை. அளவுமீறி இட்ட உரத்தின் நைத்திரேற்று அவற்றில் ஊறியிருப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டபோது பயிர்கள் மஞ்சளித்து நின்றதையும் பார்த்தோம். சோயாவோ, தன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாவின் துணைகொண்டு காற்றிலிருந்தே நைதரசனைப் பெறும் பயிர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் முதிரக்கூடிய, வேர்முடிச்சு நிறைந்த, கிணற்று நீரைக் குறைவாகக் குடிக்கும் ஒரு செடியை இரண்டாம் தலைமுறைப் பாத்தியிலே தேடுவதாயின், அந்தப் பாத்திக்கு முதலில் அழைத்துச் செல்லப்பட வேண்டியவர் மருதனார்மடச் சந்தையில் மூடை இறக்கும் அந்தத் தோட்டக்காரரே.