ஒரே கொள்ளளவு, இரு வேறு குணம்

திருவண்ணாமலைப் பெரிய கோயிலின் ராஜகோபுரத்துக்கு எதிரே பத்து நிமிடம் நின்று பாருங்கள். பெட்ரோல் தொட்டியின்மேல் நெஞ்சு படும்படி குனிந்து அமர்ந்து ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் போவார். அவருக்குப் பின்னாலேயே முதுகை நிமிர்த்தியபடி, பின்னிருக்கையில் மனைவி, முன்னால் குழந்தை, பக்கத்தில் காய்கறிப் பை என்று இன்னொருவர் வருவார். அந்த நெரிசலில் இருவரும் செல்வது ஒரே வேகத்தில்தான்!

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் வந்தார். ஊர் தண்டராம்பட்டுப் பக்கம். மல்லாட்டை விற்றதும் வண்டி வாங்கித் தர அவருடைய அப்பா இசைந்திருக்கிறார். வீட்டுக்கு அது ஒன்றுதான் வண்டி. "ஸ்போர்ட்ஸ் வண்டி எடுக்கட்டுமா, சாதாரண வண்டி எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டார். இக்கேள்விக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு.

சொகுசு வண்டி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புல்லட். ஆனால் புல்லட்டின் பிறப்பு சொகுசுக்காக அன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் அப்பெயரை 1932-இல் சூட்டியது ஒரு வேக வண்டிக்கு. அக்காலத்தில் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தின் அதிர்ச்சி நேராக முதுகெலும்புக்கு வரும். கீல்போல் அசையும் கரத்தில் பின்சக்கரத்தைப் பொருத்தி, சுருள்வில்லால் தாங்கிய புதிய புல்லட் 1948-இல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் ஓடித் தங்கப் பதக்கங்களை வென்றது. கரடுமுரடான தரையிலும் சக்கரம் நிலத்தை விடாமல் பற்றவேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். ஓட்டுபவரின் முதுகு தப்பியது உபரி இலாபம்!

இந்திய ராணுவம் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. மதராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது.

அதற்குப் போட்டி 1983-இல் வந்தது. ஜப்பானின் யமஹா ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் வெளியிட்டது. இப்போது காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர். விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ. கணக்கிட்டால் 346 க.செ.மீ. வரும். ராஜ்தூதுக்கு இரண்டு சிலிண்டர்கள்; விட்டம் 64, வீச்சு 54 மி.மீ. கொள்ளளவு 347 க.செ.மீ. கொள்ளளவில் வேறுபாடே இல்லை. ஆனால் புல்லட்டின் உச்சத்திறன் நிமிடத்திற்கு 5,625 சுழற்சியில் 18 குதிரைத்திறன். ராஜ்தூதின் முதல் வடிவுக்கு 6,750 சுழற்சியில் 30.5.

புல்லட் நான்கு வீச்சு எஞ்சின். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறைதான் அதில் எரிபொருள் வெடிக்கும். அதாவது நொடிக்கு 47 வெடிப்புகள். ராஜ்தூது இரு வீச்சு எஞ்சின். ஒவ்வொரு சுழற்சியிலும் இரு சிலிண்டர்களும் வெடிக்கும், நொடிக்கு 225. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று கொண்டு வகுத்தால், புல்லட்டின் ஒரு வெடிப்பு தரும் வேலை ஏறக்குறைய 285 ஜூல். ராஜ்தூதின் ஒரு வெடிப்பு தருவது 100 ஜூல். ஒன்று நிதானமாக விழும் சம்மட்டி. மற்றது ஓயாமல் தட்டும் சுத்தியல். புல்லட்டின் 'டப் டப்' ஓசையைக் காது தனித்தனியே பிரித்துணர்வதும் இதனால்தான்.

சுத்தியல் வேலை செய்ய அது வேகமாகத் தட்டியாக வேண்டும். இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. இரு வீச்சு எஞ்சினில் புகை வெளியேறும்போது புதிய கலவையில் ஒரு பகுதியும் எரியாமலே வெளியேறிவிடும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன், புகைக்குழாயை நடுவில் பருத்தும் முனையில் குறுகியும் அமைக்கும் கலையை வளர்த்தெடுத்தார். குறுகிய முனையில் எதிரொலிக்கும் அழுத்த அலை திரும்பிவந்து, தப்பியோடும் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே தப்பி, இந்நுட்பத்துடன் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 க.செ.மீ. பிரிவில் உலகப் பட்டம்! பின்னர் இது ஜப்பானிய இரு வீச்சு வண்டிகளில் பரவியது.

ஆனால் அலை திரும்பிவரும் நேரம் குழாயின் நீளத்தைப் பொறுத்தது. அது குறிப்பிட்ட சுழற்சி வேகங்களுக்கே பொருந்தும். அதற்குக் கீழே எஞ்சின் சோம்பும். எட்டியதும் வண்டி பாயும். சந்தைத் தெருவில் ஓட்டுபவருக்கு அந்தப் பாய்ச்சல் கிட்டவே கிட்டாது. பெட்ரோல் செலவு மட்டும் கிட்டும்.

ராஜ்தூதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. மூல யமஹாவின் முன்சக்கரத்தில் இருந்த வட்டு பிரேக்கை இங்கே விட்டுவிட்டு டிரம் பிரேக் பொருத்தினார்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 70 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்துவதைவிட 140-இல் நிறுத்த நான்கு மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்கவேண்டும். எஞ்சினை வைத்துக்கொண்டு பிரேக்கைக் குறைத்தது எந்தக் கணக்கில் சேரும்? பெட்ரோலை மிச்சப்படுத்த 27 குதிரைத்திறன் வடிவும் வந்தது. அப்படியும் சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. இதே போட்டி 1985-இல் சிறிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது: பாய்ச்சலுக்கு ஆர்.எக்ஸ். 100, சிக்கனத்துக்கு ஹீரோ ஹோண்டா சி.டி. 100.

இன்றைய நிலை என்ன? பழைய கணக்கு தலைகீழாகிவிட்டது. 155 க.செ.மீ. கொண்ட இன்றைய ஆர்-15 வண்டியும் 346 க.செ.மீ. கொண்ட பழைய புல்லட்டும் தருவது ஏறக்குறைய ஒரே 18 குதிரைத்திறன்தான். ஆனால் ஆர்-15 அதை 10,000 சுழற்சியில் தருகிறது. அங்கே அதன் திருப்புவிசை புல்லட்டினுடையதில் பாதியைச் சற்றே தாண்டும். ஆகவே விளம்பரத் தாளில் குதிரைத்திறனை மட்டும் படிக்காதீர்கள். அது எத்தனையாவது சுழற்சியில் என்பதையும் படியுங்கள்.

அமரும் முறைக்கும் கணக்கு உண்டு. காற்றின் தடையும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பவே வளரும். 20 கி.மீ. வேகத்தில் நிமிர்ந்திருப்பவரின் நெஞ்சைக் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவே தள்ளும். 100-இல் அதைப்போல் 25 மடங்கு. குனிந்து அமர்ந்தால் அத்தடை குறையும். எஞ்சியிருக்கும் காற்றே உடலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தேரடித் தெருவில் தாங்கக் காற்று ஏது? உடலின் பாரம் மணிக்கட்டில் இறங்கும்.

இதையெல்லாம் மாணவர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, பின்னால் யார் உட்காருவார்கள்?" என்றேன். அம்மா என்றார், வாரம் ஒரு முறை முழங்கால் வலிக்கு மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டுமாம். அடுத்த வாரம் அம்மாவையே கடைக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஸ்போர்ட்ஸ் வண்டியின் பின்னிருக்கை உயரத்தைப் பார்த்த அந்த அம்மா, "இதுக்கு ஏணி தனியாத் தருவாங்களா?" என்று கேட்டாராம். மல்லாட்டை இன்னும் விலை போகவில்லை.