தீவனத் தொட்டியும் உணவுத் தட்டும்: பால் பண்ணையின் நிகரப் பங்களிப்பைக் கணக்கிட்ட வரலாறு

முன்னுரை

மாடு தின்பதை மனிதரே உண்டால் இன்னும் பலருக்குச் சோறு கிடைக்குமா, அல்லது அது பாலாகி வரும்போதுதான் உணவு கூடுகிறதா? அறுபது ஆண்டுகளாக இக்கேள்விக்கு நேரெதிரான விடைகள் வந்துள்ளன. தீவனத்தில் எதைச் செலவாக எழுதுவது என்ற விதி காலந்தோறும் மாறியதே அதற்கு முதன்மைக் காரணம். அம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்க ஆய்வுகள் (1966-1972)

வேதியியலுக்கான 1945-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்ற பின்லாந்து அறிஞர் ஆர்த்துரி விர்த்தானென், புரதமே இல்லாத தீவனத்தைப் பசுக்களுக்குக் கொடுத்தார். யூரியாவும் அம்மோனிய உப்புகளுமே நைட்ரஜனுக்கு ஆதாரம். அப்பசுக்கள் தொடர்ந்து பால் கறந்ததை 1966-இல் அவர் வெளியிட்டார். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் எளிய நைட்ரஜனிலிருந்து புரதம் ஆக்குகின்றன. நம் குடல் செரிக்காத நார்ப்பொருளையும் அவை உடைக்கின்றன. உணவாகாதது உணவாகும் வழி இதுதான்.

அதே ஆண்டில் மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ், இந்திய மாடுகள் மனிதரோடு உணவுக்குப் போட்டியிடவில்லை என்று வாதிட்டார். அதற்குக் களச்சான்று தந்தவர் கால்நடை அறிஞர் ஸ்டூவர்ட் ஓடன்ஹால். மேற்கு வங்கத்தின் சிங்கூர் வட்டாரத்தில் மாடுகள் தின்றதையும் தந்ததையும் அளந்து 1972-இல் வெளியிட்டார். தின்றதில் மனிதர் உண்ணத்தக்கது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி வைக்கோல், தவிடு போன்ற மிச்சங்கள்.

அமெரிக்காவில் விவாதம் வேறு திசையில் சென்றது. 1971-இல் முதலில் வெளியான தம் நூலில், ஒரு பவுண்டு மாட்டிறைச்சிக்கு 16 பவுண்டு தானியமும் சோயாவும் செலவாவதாக எழுத்தாளர் ஃபிரான்சஸ் மூர் லாப்பே எழுதினார். அது தானியம் போட்டுக் கொழுக்க வைத்த இறைச்சி மாட்டின் கணக்கு. வைக்கோல் தின்னும் கறவை மாட்டுக்கு அது பொருந்தாது.

விதி மாறிய காலம் (2011-2017)

பிரிட்டனின் ஜே. எம். வில்கின்சன் 2011-இல், ஒரு கிலோ விளைபொருளுக்கு எவ்வளவு தீவனம் செலவாகிறது என்னும் தீவன மாற்று விகிதத்தைத் திருத்தினார். மொத்தத் தீவனத்தை விட்டுவிட்டு, மனிதர் உண்ணத்தக்க தீவனத்தை மட்டும் செலவில் வைத்தார். ஒரு கிலோ பால் புரதத்துக்கு 0.71 கிலோ உண்ணத்தக்க புரதமே செலவானது. பன்றி இறைச்சிக்கு அது 2.6 கிலோ, கோழி இறைச்சிக்கு 2.1 கிலோ. பொதுவாகச் சிக்கனமானது எனப்படும் கோழி இங்கே பின்தங்கியது.

2013-இல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் குழு, புரதத்தின் தரத்தை அமினோ அமிலங்களின் செரிமானத்தை வைத்து மதிப்பிடப் பரிந்துரைத்தது. கோதுமையிலும் அரிசியிலும் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பாலில் நிறைய உண்டு. ஆதலால் தரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பாலின் வரவு உயர்கிறது. அந்நிறுவனத்தின் ஆன் மோட்டே குழுவினர் 2017-இல், உலகக் கால்நடைத் தீவனத்தில் 86 விழுக்காடு மனிதர் உண்ண இயலாதது என மதிப்பிட்டனர்.

உண்ணத்தக்க தீவனத்தை மட்டும் செலவில் வைக்கும் விதியிலும் ஓட்டை உண்டு. தீவனச்சோளமும் நேப்பியர் புல்லும் உண்ணத்தக்கவை அல்ல; ஆனால் அவை விளையும் வயலில் நெல்லோ பயறோ விளையக்கூடும். நெதர்லாந்தின் ஹன்னா வான் சான்டன் குழுவினர் 2016-இல் நிலத்தையே அளவுகோலாக்கினர். கால்நடைக்கான நிலத்தில் நேரடியாகப் பயிரிட்டால் கிடைக்கும் புரதத்தை, கால்நடை தரும் புரதத்தோடு ஒப்பிட்டனர். விகிதம் ஒன்றுக்கு மேல் போனால் கால்நடையால் நட்டம். மணற்பாங்கான நிலத்துப் பால் பண்ணைக்கு 2.10 வந்தது, பயிருக்கு ஏற்காத கரிச்சதுப்பு நிலத்துப் பண்ணைக்கு 0.67. ஒரே நாடு, ஒரே பால். நிலம் மாறியதும் லாபம் நட்டமானது.

இந்திய நிலை

இந்தியாவில் சிங்கூர்க் கணக்கு அப்படியே நிற்கவில்லை. 1964-இல் குஜராத்தின் கஞ்சாரியில் அமுல் கூட்டுறவின் கலப்புத் தீவன ஆலை திறக்கப்பட்டது. 1970 முதல் 1996 வரை வெண்மைப் புரட்சித் திட்டம் நடந்தது. அயலின, கலப்பின மாடுகள் 2012-இல் 3.97 கோடி, 2019-இல் 5.04 கோடி. நாட்டின் பால் உற்பத்தி 2023-24-இல் 23.93 கோடி டன்னை எட்டியது. வைக்கோலை மட்டும் தின்று கலப்பினப் பசு கறக்காது. அதற்கு மக்காச்சோளம், புண்ணாக்கு, பாசன நிலத்துப் பசுந்தீவனம் வேண்டும். கறவை கூடும்போது, மாட்டின் உடலைப் பேணவே செலவாகும் தீவனம் லிட்டர் கணக்கில் குறைவது உண்மை. ஆனால் தானியமும் புண்ணாக்கும் சேர்ந்த அடர்தீவனத்தின் பங்கு ஏறினால் உண்ணத்தக்க தானியச் செலவும் ஏறும்.

முடிவுரை

பால் பண்ணை உணவைப் பெருக்குகிறதா என்பதற்கு உலகம் முழுமைக்குமான ஒரே விடை இல்லை. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, பயிரேறாத நிலத்துப் புல் ஆகியவற்றில் வளரும் மாடு உணவைக் கூட்டுகிறது. நல்ல வயலையும் தானியத்தையும் பிடிக்கும் மாடு அந்த வரவைக் கரைக்கிறது. எனவே கறவை லிட்டரை மட்டும் வைத்துப் பால்வளத் திட்டங்களை மதிப்பிடுவது போதாது. ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு தானியமும் விளைநிலமும் செலவாயின என்பதும் அரசின் புள்ளிவிவரங்களில் இடம்பெற வேண்டும்.