ஒளிக்கென்று ஒரு வரி

சென்ற வாரம் காஸ்டல் பாதிரியாரின் வண்ண ஹார்ப்சிகார்டைப் பற்றிப் பேசினோம். கட்டையை அழுத்தினால் நாதத்தோடு நிறமும் எழ வேண்டும் என்று 1725-இல் பிரான்ஸில் அவர் கண்ட கனவு, மெழுகுவர்த்தியை நம்பியிருந்த காலத்தில் வளர வழியில்லாமல் போயிற்று. மின்விளக்கு வந்த பிறகு அந்த ஆசை மறுபடி தலைதூக்கியது. 1895-இல் லண்டனில் வாலஸ் ரிமிங்டன் தன் வண்ண ஆர்கனை மேடையேற்றினார். காஸ்டலும் சரி, ரிமிங்டனும் சரி, காதுக்குக் கேட்பதைக் கண்ணுக்குக் காட்ட நினைத்தவர்கள். ஒளியையே ஒரு வாத்தியமாக்கி, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே உட்கார வைத்து, வயலினுக்கும் குழலுக்கும் எழுதுவதுபோல அதற்கும் சுரம் எழுதத் துணிந்தவர் மாஸ்கோவில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின்.

பிறந்தது 1872 ஜனவரி. தாய் பியானோ கலைஞர். குழந்தைக்கு ஒரு வயதாகும்போது காசநோய்க்குப் பலியானார். தந்தை தூதரக வேலையாக வெளிநாட்டுக்குப் போய்விட, அத்தையும் பாட்டிமாரும் வளர்த்தார்கள். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் ராக்மனினாஃபின் சக மாணவர். இளவயதில் எழுதிய பியானோ உருப்படிகளில் ஷோப்பேனின் சாயல் வெளிப்படையாகத் தெரியும். அதே மனிதர் பதினைந்து, இருபது ஆண்டுகளில் யாருடைய சாயலும் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பயணத்தில் அவருக்குத் துணைநின்ற ஒரு சிந்தனைக்குச் சென்னையோடு சம்பந்தம் உண்டு. 1905-இல் பாரிஸில் இருந்தபோது பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. 1882-இல் தலைமையகத்தை அடையாறுக்கு மாற்றிக்கொண்ட பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அந்த அம்மையார். ஆன்மா ஏழு நிலைகளினூடே படிப்படியாக இறங்கிச் சடப்பொருளில் அமிழ்ந்து, பிறகு மறுபடி மேலேறுகிறது என்பது அவர் போதித்த தத்துவத்தின் சாரம். ஸ்க்ரியாபின் அதைப் படித்ததோடு நிற்கவில்லை, இசையாகவே எழுதிவிட்டார். 1908-க்கும் 1910-க்கும் இடையில் உருவான அந்தப் படைப்பின் பெயர் 'புரோமிதியஸ், நெருப்பின் கவிதை'. அச்சான ஸ்கோருக்கு அட்டை வரைந்தவரும் பிரம்மஞானத்தில் ஊறியவர்தான்: பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஓவியர் ஜான் டெல்வில்.

ஸ்கோரைப் பிரித்துப் பார்த்தாலே வியப்பாக இருக்கும். மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரில் வழக்கமாகக் குழல்கள்தாம் உச்சியில் இருக்கும். இங்கே அவற்றுக்கும் மேலே ஒரு வரி. வாத்தியத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'லூச்சே' என்று இத்தாலியத்தில் போட்டிருக்கிறது, அதாவது ஒளி. பக்கத்தில் அதே ஐந்து கோடுகள், அதே ட்ரெபிள் கிளெஃப், சாதாரணச் சுரக் குறிகள். கீழே எட்டு ஹார்ன், ஐந்து டிரம்பெட், பியானோ, ஆர்கன், மணிகள், சொல்லின்றிப் பாடும் கோரஸ் என்று பெரும் படையே திரண்டிருக்க, அத்தனைக்கும் தலைமேல் சத்தமில்லாத ஒரு வாத்தியம்.

அந்த வரியில் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள் ஓடுகின்றன. ஒன்று, இசையின் போக்கை அடியொற்றி வேகமாக மாறுவது. 'மிஸ்டிக் கார்டு' என்று பின்னாளில் பெயர் பெற்ற ஆறு சுர அடுக்கு ஒன்றின் மேல்தான் இந்தப் படைப்பே நிற்கிறது. அந்த அடுக்கின் ஆதாரச் சுரம் மாறும்போதெல்லாம் நிறமும் மாறும். இன்னொன்று மிக மிக மெதுவானது. இருபது நிமிடப் படைப்பு முழுவதற்கும் சேர்த்து அதற்கு ஏழே சுரங்கள். எஃப் ஷார்ப்பில் புறப்பட்டு, முழுச் சுர இடைவெளியாக ஏறி, மறுபடி எஃப் ஷார்ப்புக்கே வந்து சேர்கிறது. ஸ்க்ரியாபினின் கணக்கில் எஃப் ஷார்ப் நீலம், அது ஆன்மாவின் நிறம். ஏழில் நடுவாக நிற்கும் சி சிவப்பு, அது உலகியலின் நிறம். நீலத்தில் தொடங்கி, சிவப்பில் அமிழ்ந்து, நீலத்துக்கே திரும்பும் அந்த ஏழு படிகளில் பிளாவட்ஸ்கியின் ஏழு நிலைகள் இருக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படைப்பின் மகத்துவம் முழுவதும் அந்த மெதுவான வரியில்தான் இருக்கிறது. இன்று எந்த மேடையிலும் விளக்கு தாளத்துக்கு ஆடுகிறது. டிரம் அடித்தால் மின்னுகிறது, பாட்டு உச்சத்துக்குப் போனால் பளிச்சிடுகிறது. காது ஏற்கெனவே அறிந்துகொண்டதைக் கண்ணுக்கு இரண்டாம் முறை சொல்வது அது. ஸ்க்ரியாபினின் மெதுவான ஒளி சொல்லும் சேதியோ ஆர்க்கெஸ்ட்ராவில் எந்த வாத்தியத்திலும் கிடையாது. விளக்கை அணைத்துவிட்டால் படைப்பின் ஒரு பகுதியே காணாமல் போகும். இரண்டு கலைகள் கலந்தன என்று சொல்ல இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சி சிவப்பு, ஜி ஆரஞ்சு, டி மஞ்சள் என்ற இந்த நிறக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1907-இல் பாரிஸ் கஃபே ஒன்றில் நடந்த பேச்சை ராக்மனினாஃப் தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். உடன் இருந்தவர்கள் ஸ்க்ரியாபினும் மூத்தவர் ரிம்ஸ்கி-கோர்சகோவும். இருவரும் சுரங்களுக்கு நிறம் உண்டு என்று அடித்துச் சொல்ல, ராக்மனினாஃப் நம்ப மறுத்தார். எந்தச் சுரத்துக்கு எந்த நிறம் என்பதில் அந்த இருவருக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே என்றும் மடக்கினார். ஆனால் டி மேஜர் பொன்னிறம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். உடனே, ராக்மனினாஃபின் சொந்த ஓபராவில் கஞ்சப் பிரபு பெட்டிகளைத் திறந்து தங்கத்தைக் கண்ணால் அள்ளும் காட்சி டி மேஜரில்தானே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அவரிடம் பதில் இல்லை.

ஸ்க்ரியாபினுக்கு நிஜமாகவே சுரங்கள் நிறமாகத் தெரிந்தனவா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. அவருடைய நிறங்கள், சி, ஜி, டி என்று ஐந்தைந்து சுரமாகத் தாவிச் செல்லும் ஐந்தாம் சுர வட்டத்தில் ஏறக்குறைய வானவில் வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. இயல்பாகத் தோன்றும் காட்சி இவ்வளவு ஒழுங்காக இருக்குமா என்பது அவர்கள் கேள்வி. யோசித்து வகுத்த ஏற்பாடாகவே இருக்கட்டும், கலைக்கு அதனால் குறைவில்லை.

குறை வந்தது மின்சாரத்தால். மின்பொறியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் மோஸர், நண்பர் ஸ்க்ரியாபினுக்காக ஒரு சிறு கருவி செய்து கொடுத்திருந்தார். வட்டமான மரப்பலகை, விளிம்பைச் சுற்றி 12 வண்ண பல்புகள். மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் கடைசியாகக் குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அந்தக் கருவி அங்கே இருக்கிறது. வீட்டு அறைக்கு அது போதும். அரங்கம் முழுவதையும் நிறத்தில் முக்கி எடுக்க வேண்டும் என்பதல்லவா அவர் விருப்பம்? 1911 மார்ச்சில் மாஸ்கோவில் கூஸெவிட்ஸ்கி நடத்த, ஸ்க்ரியாபினே பியானோ வாசிக்க, அரங்கேற்றம் நடந்தது. ஒளிக்கு எழுதிய வரி அன்று எரியவே இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1915 மார்ச் 20 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் மாடஸ்ட் ஆல்ட்ஷூலர் நடத்திய கச்சேரியில் முதன்முறையாக விளக்கு எரிந்தது. 'குரோமோலா' என்ற கருவியை அதற்கென்றே செய்திருந்தார்கள். ஆனால் நிறங்கள் ஒரு சிறிய திரைக்குள் அடங்கிவிட்டன. இசைக்கும் இந்த நிறங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ஸ்க்ரியாபின் அந்தக் கச்சேரியைப் பார்க்கவில்லை. ஆறு வாரம் முடிவதற்குள், உதட்டின் மேல் வந்த கட்டி ஒன்று ரத்தத்தில் நஞ்சாகப் பரவி, 43 வயதில் மாஸ்கோவில் இறந்துபோனார்.

அப்போது அவர் மேசையில் கிடந்தது அதைவிடப் பெரிய கனவு. இமயமலை அடிவாரத்தில் ஏழு நாள் நடக்க வேண்டிய 'மிஸ்டீரியம்'. இசை, நாட்டியம், ஒளி, ஊர்வலம், நறுமணப் புகை எல்லாம் அதில் உண்டு. பார்வையாளர் என்று ஒருவரும் கிடையாது, வந்தவர் எல்லாரும் பங்கேற்பவர்களே. அதற்கு முகவுரையாக எழுதத் தொடங்கியதிலும் சில பத்துப் பக்கக் குறிப்புகளே மிஞ்சின. அலெக்சாண்டர் நெம்தின் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் 20 ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து அதை ஒரு முழுப் படைப்பாக்கினார்.

'புரோமிதியஸின்' கதை அப்படி முடியவில்லை. 1962-இல் கசான் நகரத்து இளைஞர்கள் விளக்கோடு நிகழ்த்தினார்கள். 1975-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் லேசர் வந்தது. 2010-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அச்சான ஒரு பிரதியில் ஸ்க்ரியாபின் தன் கைப்பட மின்னல், தீநாக்கு என்றெல்லாம் ஒளிக்குறிப்பு எழுதி வைத்திருந்தார். அது இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இசை ஆய்வாளர் அன்னா காவ்பாய் அதை ஆராய்ந்து, விளக்கு வடிவமைப்பாளர் ஜஸ்டின் டவுன்சென்டுடன் சேர்ந்து மேடையில் கொண்டுவந்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, எழுதியவர் கேட்டதைக் கேட்டபடி செய்ய முயன்ற கச்சேரி அது.

2024 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியில் எஸா-பெக்கா ஸாலனென் இன்னும் ஒரு படி போனார். ஒளியோடு, வாசனைத் திரவியக் கலைஞர் மத்தில்டு லோரான் உருவாக்கிய மணங்களையும் அரங்கில் பரவவிட்டார்கள். மணத்துக்கு 'புரோமிதியஸ்' ஸ்கோரில் வரி எதுவும் இல்லை. 'மிஸ்டீரியம்' என்ற பெருங்கனவில் உண்டு.

அடுத்த வாரம் பாரிஸுக்குப் போவோம். 1917 மே மாதம், முதல் உலகப் போர் நடுவே, பிகாஸோ உடையும் திரையும் வரைய, எரிக் ஸாட்டி ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் டைப்ரைட்டரையும் கைத்துப்பாக்கியையும் கொண்டுவந்த 'பரேட்'.