அளவுகோல் யார் கையில்?

கல்வியின் தரத்தை அளக்க அளவுகோல் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதே வினா. கரீபியத் தீவான டிரினிடாட் இவ்வினாவை நூறாண்டுக்கும் மேலாகச் சந்தித்தது.

1863இல் தூய ஆவி சபைத் துறவியர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் புனித மரியாள் கல்லூரியை நிறுவினர். அதே பத்தாண்டில் கேம்பிரிட்ஜ் தேர்வும் தீவுக்கு வந்தது. விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. மிகச் சிறந்து தேறிய ஒருசிலருக்கே உதவித்தொகை கிட்டியது. அதனைப் பெற்று 1932இல் ஆக்ஸ்போர்டு சென்ற எரிக் வில்லியம்ஸ், 1962இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமரானார். அயல் தேர்வு ஒருசிலருக்கு வாயிலைத் திறந்தது உண்மையே. ஆனால் சொந்த மண்ணின் வரலாறு அவ்வாயிலுக்கு வெளியே நின்றது.

1972இல் ஆங்கிலம் பேசும் கரீபிய நாடுகள் கூடித் தமக்கெனத் தேர்வு மன்றம் அமைத்தன. 1979இல் நடந்த முதல் தேர்விலேயே கரீபிய வரலாறு ஒரு பாடமாயிற்று. உள்ளூர்ச் சான்றிதழை உலகம் ஏற்குமா என்ற அச்சமும் எழுந்தது. எனினும் அதன் உயர்தரத் தேர்ச்சிகள் பிரிட்டனின் சாதாரண நிலைத் தேர்ச்சிக்கு இணையாக மதிக்கப்பட்டன. 1998இல் தொடங்கிய மேல்நிலைத் தேர்வைப் பிரிட்டன் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன.

தாலந்து உவமையில் ஐந்தைப் பெருக்கியவனும் இரண்டைப் பெருக்கியவனும் ஒரே பாராட்டையே பெற்றனர். இணையாக மதிக்கப்பட ஒருவர் மற்றவராக மாற வேண்டியதில்லை. நம் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போது இதனை நினைவில் கொள்வோம்.