பானகல் அரசர்

பானகல் அரசர் என்று அறியப்படும் பானகண்டி ராமராயநிங்கார் (1866–1928) காளஹஸ்தியில் பிறந்த தெலுங்கு ஜமீன்தார்; நீதிக்கட்சியின் தலைவர்களுள் ஒருவர்; 1921 ஜூலை முதல் 1926 டிசம்பர் வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர், சமஸ்கிருதத்தில் நல்ல புலமை உடையவர். 1912 முதல் 1915 வரை தென்னிந்திய நிலக்கிழார்களின் பிரதிநிதியாக டெல்லி இம்பீரியல் சட்டசபையில் அமர்ந்தார். நீதிக்கட்சியை ஜமீன்தார்களின் கட்சி என்று ஒதுக்குவோர் இந்த ஒரு பதவியையே சான்றாக வைத்து அவர் ஆட்சியையும் அளந்துவிடுவதுண்டு. ஆனால் அவர் செய்தவற்றில் கனமானது நிலவுடைமையின் இன்னொரு கோட்டையைத் தொட்ட சட்டம்தான்.

இந்து அறநிலையச் சட்டத்துக்கான மசோதா 1922 இறுதியில் வந்தது. பெரும் எதிர்ப்பைக் கடந்து 1925-ல்தான் சட்டமானது. அதன் செல்லுபடி குறித்துக் கேள்விகள் எழவே, 1927-ல் புதிய சட்டமாக மீண்டும் இயற்றப்பட்டது. கோயில்களுக்கும் மடங்களுக்கும் இருந்த நிலமும் வருமானமும் பல இடங்களில் கேள்வி கேட்பாரில்லாமல் தர்மகர்த்தாக்கள் கையில் இருந்தன. அவற்றின் கணக்கைக் கேட்கும் வாரியம் இப்போது அமைந்தது. இது மதத்தில் அரசின் தலையீடு என்றார்கள் எதிர்த்தவர்கள். அந்த அச்சத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. எனினும் சட்டம் முதன்மையாகக் குறிவைத்தது சொத்து நிர்வாகத்தை, பூசைமுறையை அல்ல. சமஸ்கிருதம் கற்ற, வைதிக மரபை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அதைக் கொண்டுவந்ததை நாத்திகத்தின் வேலை என்று சொல்லவும் இடமில்லை.

அப்படியானால் ஜமீன் நிலத்தை ஏன் தொடவில்லை? இரட்டை ஆட்சி முறையில் நிலவரியும் நிதியும் கவர்னரின் நிர்வாக சபையிடமே இருந்தன, கல்வியும் உள்ளாட்சியும் போன்றவையே மந்திரிகளுக்கு வந்தன என்பது நியாயமான விடை. ஆனால் முழு விடையல்ல. அதிகாரம் இல்லாத விஷயத்திலும் குரல் எழுப்பலாம்; வாரக் குடிகளுக்காக அவர் கட்சி எழுப்பிய குரல் மெலிந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த சபையில் அது வியப்புமல்ல. அரசுப் பணிகளில் வகுப்புவாரி இடம் கேட்ட 1921 ஆணையும், ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏட்டில் ஏற்றிய 1922 ஆணையும் அவர் காலத்தவை. ஆனால் அந்த மக்களுக்காகப் பேசிய எம்.சி. ராஜா 1923-ல் கட்சியை விட்டு விலகினார். படித்த பிராமணரல்லாதாரின் பங்கை உயர்த்துவதில் இருந்த வேகம், அவர்களுக்கும் கீழே இருந்தவர்களின் கூலி, நிலம் பற்றிய கேள்விகளில் இல்லை. அதே 1923-ன் இறுதியில் சி.ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை பானகல் அரசு முறியடித்தது. 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சியிடம் பின்தங்கிப் பதவி இழந்தது. சென்னை மாகாணத்தில் ஜமீன் முறை ஒழிய 1948 வரை ஆயிற்று. அதைச் செய்தது காங்கிரஸ் அரசு.