தன் தகுதியைத் தானே ஐயுறும் மனநிலை: இம்போஸ்டர் சிண்ட்ரோம்

“நல்ல மதிப்பெண் கிடைத்தது; ஆனால் வினாத்தாள் எளிதாக இருந்தது.” “பதவி உயர்வு வந்தது. வேறு ஆள் இல்லாததால்தான்.” உங்கள் வெற்றிகளுக்கு உங்களைத் தவிர மற்ற அனைத்தையும் காரணமாகக் கூறுகிறீர்களா? என்றேனும் ஒருநாள் உங்கள் ‘உண்மை நிலை’ வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறீர்களா? அவ்வாறெனில் இப்பக்கம் உங்களுக்குப் பயன்படும்.

இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்றால் என்ன?

தகுதிக்கும் திறமைக்கும் போதிய சான்றுகள் இருந்தும், தன்னை ஒரு போலி என்றும் பிறரை ஏமாற்றி வருவதாகவும் ஒருவர் உள்ளூர நம்பும் நிலையே இம்போஸ்டர் சிண்ட்ரோம் எனப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர்களான பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகியோர் 1978ஆம் ஆண்டு இதனை முதன்முதலில் விவரித்தனர். கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் இவ்வுணர்வைக் கண்டனர். ஆண்களுக்கும் இது ஏற்படுகிறது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இது மனநோய் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இது இடம்பெறவில்லை. எனினும், மனச்சோர்வும் மனப்பதற்றமும் இதனுடன் சேர்ந்து காணப்படுவதுண்டு. ஆகவே இதனைப் புறக்கணிக்கக் கூடாது.

அறிகுறிகள்

• பாராட்டை ஏற்க இயலாமை. பாராட்டுபவர் தவறாக மதிப்பிட்டுவிட்டார் என்று எண்ணுதல்
• சிறு பிழையையும் தன் தகுதியின்மைக்குச் சான்றாகக் கருதுதல்
• தெரியாததைக் கேட்டால் மதிப்பு குறையும் என்று அஞ்சி மௌனமாக இருத்தல்
• தேவைக்கு மிகுதியாக உழைத்தல் அல்லது பணியைத் தள்ளிப்போடுதல்
• வந்த வாய்ப்பையோ பொறுப்பையோ மறுத்தல்

இவ்வுணர்வு ஏன் தானாக மறைவதில்லை?

“இன்னும் சில வெற்றிகள் கிடைத்தால் நம்பிக்கை வந்துவிடும்” என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. இதற்குக் காரணமான சுழற்சியை கிளான்ஸ் விளக்கியுள்ளார்.

புதிய பணி வந்தவுடன் பதற்றம் எழுகிறது. அதனைத் தணிக்க ஒருவர் இரவு பகலாக உழைக்கிறார். அல்லது கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டு அவசரமாக முடிக்கிறார். பணி நன்றாக முடிகிறது. சிறிது நேரம் நிம்மதி கிடைக்கிறது. மிகுதியாக உழைத்தவர், “உழைப்பால் முடிந்தது, திறமையால் அன்று” என்கிறார். தள்ளிப்போட்டவர், “ஏதோ நல்வாய்ப்பால் தப்பினேன்” என்கிறார். இரு வழியிலும் வெற்றி அவர் கணக்கில் சேர்வதில்லை. அடுத்த பணி வரும்போது பதற்றம் மீண்டும் தொடங்குகிறது. எனவே, வெற்றிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, வெற்றிக்கு நீங்கள் கூறும் காரணத்தை மாற்றுவதே இச்சுழற்சியை உடைக்கும்.

யாருக்கு ஏற்படலாம்?

யாருக்கும் ஏற்படலாம். 2020ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு 62 ஆய்வுகளைப் பரிசீலித்தது. பயன்படுத்திய அளவுகோலுக்கேற்ப, 9 முதல் 82 விழுக்காடு வரையிலானோரிடம் இவ்வுணர்வு பதிவாகியிருந்தது.

தம்மைப் போன்றோர் குறைவாக உள்ள இடத்தில் நுழைபவருக்கு இது கூடுதலாக வரக்கூடும். குடும்பத்தின் முதல் பட்டதாரியையும், தமிழ் வழியில் பயின்று ஆங்கில வழிக் கல்லூரியில் சேர்ந்தவரையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப்படுகிறது. இவ்வாறு இடம் பெற்ற மாணவர் ஒருவர், வகுப்பில் ஆங்கிலச் சொல் ஒன்று புரியாதபோது, “நான் இவ்விடத்திற்கு உரியவன் அல்லன்” என்று முடிவு செய்யக்கூடும். மொழியில் ஏற்படும் தடுமாற்றம் பாட அறிவின் குறைபாடு அன்று; அது பயிற்சியால் நீங்குவது. ஆனால் ஐயத்தைக் கேட்காமல் மறைத்தால், கற்க வேண்டியது கல்லாமலே போய்விடும்.

ஐயம் எப்போதும் உள்ளிருந்து மட்டுமே எழுவதும் இல்லை. சாதி, பாலினம், ஊர், பேச்சு வழக்கு ஆகியவற்றைச் சுட்டி உங்களை யாரேனும் இழிவுபடுத்தினால், குறை உங்களிடம் இல்லை. அதனைப் பொறுத்துக்கொள்ளாமல் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அமைப்பிடம் தெரிவியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. உணர்வையும் உண்மையையும் பிரித்தெழுதுங்கள். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் “எனக்கு எதுவும் தெரியாது” போன்ற எண்ணத்தையும், மறுபுறம் அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள நிகழ்வுகளையும் எழுதுங்கள்.

2. பணிக் குறிப்பேடு வைத்திருங்கள். முடித்த பணி, அதில் நீங்கள் செய்தது, பிறர் கூறிய கருத்து ஆகியவற்றை வாரம் ஒருமுறை குறியுங்கள். மனம் மறந்துவிடும் சான்றுகளைத் தாள் நினைவில் வைத்திருக்கும்.

3. பாராட்டுக்கு “நன்றி” என்று மட்டும் கூறுங்கள். “அது ஒன்றும் பெரிதில்லை” என்று சேர்ப்பதைத் தவிருங்கள்.

4. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுங்கள். உங்கள் துறையில் மூத்தவர் ஒருவரிடம் கூறினால், அவரும் இதே அச்சத்தைக் கடந்து வந்தவராக இருக்கலாம்.

5. தெரியாததைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். “எதுவும் புரியவில்லை” என்பதைவிட, “இந்த இரண்டாம் படி புரியவில்லை” என்று கேட்பது எளிது. உண்மையில் பயிற்சி தேவைப்படும் இடமும் இதனால் தெளிவாகும்.

6. போதுமான அளவை முன்பே வரையறுங்கள். ஒரு பணிக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்து, அந்நேரத்தில் நிறுத்திப் பழகுங்கள்.

தன்னம்பிக்கை என்பது ஐயமே இல்லாத நிலை அன்று. ஐயம் இருக்கும்போதே அடுத்த அடியை எடுத்து வைக்கும் பழக்கம்.

குடும்பத்தினருக்கும் பராமரிப்பவர்களுக்கும்

“நீ கெட்டிக்காரன், கவலைப்படாதே” என்ற பொதுவான ஆறுதல் இவர்களிடம் பயன் தருவது குறைவு. “அந்தக் கணக்கை நீயே மூன்று முறை முயன்று முடித்தாய்” என்று அவர் செய்த செயலைச் சுட்டிக் கூறுங்கள். உடன்பிறந்தாருடனோ அடுத்த வீட்டுப் பிள்ளையுடனோ ஒப்பிடாதீர்கள். மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசாமல், அன்றைய நாள் எவ்வாறு இருந்தது என்றும் கேளுங்கள்.

நோயுற்றவரைப் பராமரிக்கும் உங்களுக்கும், “நான் சரியாகக் கவனிக்கவில்லை” என்ற எண்ணம் வரலாம். அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது உங்கள் ஐயங்களை எழுதி எடுத்துச் சென்று, மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள்.

எப்போது உதவி பெற வேண்டும்?

கீழ்க்காண்பவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகுங்கள்.

• தொடர்ந்த சோகம், எதிலும் நாட்டமின்மை
• உறக்கம், பசி ஆகியவற்றில் மாற்றம்
• படிப்பையோ பணியையோ விட்டுவிட எண்ணும் அளவிற்கு அச்சம்
• பதற்றத்தைத் தணிக்க மது அல்லது மருத்துவர் பரிந்துரைக்காத மாத்திரைகளை நாடுதல்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம். டெலி மானஸ் தேசியத் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

தற்கொலை எண்ணம் தோன்றினால் இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டாம். உடனே 14416 எண்ணை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அந்நிலையில் உள்ளவரைக் குடும்பத்தினர் தனியே விடக் கூடாது.